உப்பளத்து வெள்ளையும் டிஜிட்டல் கமராவும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிலாபத்தில் தொடங்கிக் கற்பிட்டி முனை வரை நீளும் புத்தளம் கரையில் படம் பிடிப்பவருக்குக் காட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. மார்கழி, தை மாதங்களில் கற்பிட்டிக் கடலில் டொல்பின் கூட்டங்கள் சுழன்று துள்ளும். ஆடியில் உடப்பு திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்பு நடக்கும். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து சனம் திரளும். புத்தளத்தில் உப்பளங்கள் இருக்கின்றன, களப்பில் விடிகாலைத் தோணிகள் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் 36 படச் சுருளில் பிடித்துப் பழகிய பலரின் பென்டாக்ஸ் கே1000, நிக்கோன் எஃப்எம்2 கமராக்கள் இன்று அலுமாரியில் கிடக்கின்றன. ஃபிலிம் சுருளின் விலை ஏறிவிட்டது. கலர் ஃபிலிம் கழுவிக் கொடுக்கும் ஸ்டூடியோவைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. மாறித்தான் ஆக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைத் தடுத்து வைத்திருப்பவை சில நம்பிக்கைகள். மாறிய பிறகு ஏமாற்றம் தருபவை வேறு சில. அநேகமாக எல்லாவற்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தப் பத்தி.

நம்பிக்கை 1: ஃபிலிமின் தெளிவு டிஜிட்டலில் வராது.

உண்மை: ஒரு காலத்தில் இது சரியாகவே இருந்தது. 1975இல் கொடாக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கமரா, பக்கத்துக்கு 100 புள்ளியாக மொத்தம் 10,000 புள்ளிகளில்தான் படத்தைப் பதிந்தது. அதைக் கசெட் நாடாவில் எழுதி முடிக்க 23 விநாடி எடுத்தது. 1999இல் வந்த நிக்கோன் டி1 கமராவில்கூட 3 மெகாபிக்சலுக்கும் குறைவு. அன்று ஃபிலிமை விட மறுத்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

இன்று கைமாறிய விலையில் கிடைக்கும் 24 மெகாபிக்சல் கமராவின் படம் 6000க்கு 4000 புள்ளிகள் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டாலும் 20 அங்குல நீளத்துக்குத் தெளிவாக வரும். அல்பத்தில் ஒட்டும் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலே போதும். ஆகவே மெகாபிக்சலுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. படத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் கை நடுக்கமும் பிசகிய ஃபோகஸும்தான். அவை எந்தக் கமராவிலும் ஒன்றே.

நம்பிக்கை 2: ஃபிலிமுக்கு வைத்த அதே எக்ஸ்போஷர் டிஜிட்டலுக்கும் பொருந்தும்.

உண்மை: மாறுகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். கலர் நெகடிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டு ஸ்டொப் கூடிப்போனாலும் நல்ல பிரின்ட் எடுக்கலாம். வெளிச்சம் குறைந்தால்தான் நிழற்பகுதி கலங்கிக் கெடும். அதனால் “நிழலுக்கு அளவு வை” என்று ஃபிலிம்காரர்கள் படித்தார்கள். டிஜிட்டலில் இந்தப் பாடம் தலைகீழாகிறது. சென்சரின் ஒரு புள்ளி கொள்ளக்கூடிய வெளிச்சம் நிரம்பிவிட்டால் அந்த இடம் வெறும் வெள்ளை. பிறகு கணினியில் எவ்வளவு முயன்றாலும் அங்கே ஒன்றும் திரும்பாது. இருண்ட பகுதியையோ பெருமளவு மீட்டெடுக்கலாம். எனவே காக்க வேண்டியது வெளிச்சப் பகுதியை. ஸ்லைட் ஃபிலிம் போட்டுப் பழகியவர்களுக்கு இது கைவந்த பாடம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நெகடிவ் காலத்தில் நம் பிழைகள் பல நமக்குத் தெரியவே இல்லை. ஸ்டூடியோவின் பிரின்ட் இயந்திரம் ஒவ்வொரு படத்தையும் பார்த்து வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தியே தந்தது. டிஜிட்டலில் அந்த இடைக்கை இல்லை. “புதுக் கமராவில் படம் சரியில்லை” என்ற முறைப்பாட்டின் பெரும்பகுதி இங்கிருந்து பிறக்கிறது.

புத்தளத்து உப்பளத்தை எடுத்துக்கொள்வோம். லைட் மீட்டர் தன் எதிரே உள்ளது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே அளக்கிறது. உப்புக் குவியல் தன்மேல் விழும் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. மீட்டர் “வெளிச்சம் அதிகம்” என்று கருதிக் குறைத்துவிடும். உப்பு அழுக்குச் சாம்பலாகும், உப்பு வாரும் தொழிலாளியின் முகம் கறுத்துப்போகும். பழைய நெகடிவில் பிரின்ட் இயந்திரம் இதைச் சரிக்கட்டியது. இப்போது நாமே எக்ஸ்போஷர் ஈட்டுப் பொத்தானை அழுத்திக் கூட்டல் 1 முதல் கூட்டல் ஒன்றரை ஸ்டொப் வரை வைக்க வேண்டும். புதிய கமராக்களின் மீட்டர் காட்சியை ஓரளவு ஊகித்தாலும் உப்பையும் வெண்மணலையும் நுரையையும் முழுதாக நம்பி அதனிடம் விட முடியாது.

எவ்வளவு கூட்டுவது என்பதை ஹிஸ்டோகிராம் சொல்லும். நண்பகல் வெயிலில் பின்புறத் திரையில் படம் சரியாகத் தெரியாது. இரவிலோ அதே திரை படத்தை உள்ளதைவிட வெளிச்சமாகக் காட்டி ஏமாற்றும். ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம் எந்த நேரத்திலும் ஏமாற்றாது. அந்த வரைபடத்தின் மலை, வெளிச்சத்தைக் குறிக்கும் வலது ஓரத்தை நெருங்கட்டும், முட்டி ஏறக் கூடாது. உப்பு நீரில் சூரியன் பளீரிடும் புள்ளிகள் போனால் போகட்டும். உப்பின் மணி மணியான பரப்பு போய்விடக் கூடாது.

ரோ கோப்பாகப் பதிவதும் இங்கே கைகொடுக்கும். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரோ கோப்பில் 16,384 படிகள். நெகடிவில் இருந்த திருத்த இடம் டிஜிட்டலில் ரோ கோப்பில்தான் இருக்கிறது. அது தொழில்முறைக்காரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

நம்பிக்கை 3: இரவுப் படத்துக்கு பிளாஷ் வேண்டும், ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் பாழ்.

உண்மை: ஃபிலிமில் 400 சுருள் போட்டால் 36 படமும் 400தான். 1600க்குத் தள்ளிக் கழுவச் சொன்னால் முழுச் சுருளும் அப்படியே கழுவப்படும். டிஜிட்டலில் ஒவ்வொரு படத்துக்கும் ஐஎஸ்ஓவை மாற்றலாம். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வந்த கமராக்களில் 3200இல் எடுத்த படத்தைத் தயங்காமல் அச்சிடலாம். சற்றுப் புள்ளி தட்டிய கூர்மையான படம், வழவழப்பான அசைந்த படத்தைவிட எத்தனையோ மேல்.

உடப்புத் தீமிதிப்பில் பிளாஷ் இரண்டு வகையில் தவறு. விரதமிருந்து தீயில் இறங்கும் அடியாரின் கண்ணில் அது அறைகிறது. அங்கே இருக்கும் உண்மையான வெளிச்சத்தையும் கொன்றுவிடுகிறது. தணல் எரியும் வெளிச்சமே போதும். அளவைத் தணலுக்கு வையுங்கள், சூழ்ந்த இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். நிறச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் வெயில் குறிக்கு மாற்றுங்கள். வழக்கமான கலர் ஃபிலிம் ஏறத்தாழ 5500 கெல்வின் பகல் வெளிச்சத்துக்கென்று செய்யப்பட்டது. அதனால்தான் தீயும் விளக்கும் அதில் செம்மஞ்சளாய் விழுந்தன. டிஜிட்டலின் தானியங்கி அந்தச் செம்மையைக் குறை என்று எண்ணிக் கழுவிவிடப் பார்க்கும். ஃபிலிமின் அந்த நிறம் தொலைந்துவிட்டதாக வருந்துபவர்கள் இந்த ஒரு குறியை மாற்றிப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 4: பழைய லென்ஸ்கள் இனி உதவாது.

உண்மை: அது எந்தக் கமராவின் லென்ஸ் என்பதைப் பொறுத்தது. லென்ஸைக் கமராவில் மாட்டும் பூட்டுகளில் நிக்கோனின் எஃப் 1959இலும் பென்டாக்ஸின் கே 1975இலும் வந்தவை. இரண்டு நிறுவனங்களும் தங்கள் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கமராக்களிலும் அவற்றையே தொடர்ந்தன. ஆனால் பூட்டு பொருந்துவதால் எல்லாம் வேலை செய்யும் என்றில்லை. எஃப்எம்2இன் லென்ஸை நிக்கோன் டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் மாட்டலாம், மீட்டர் வேலை செய்யாது. டி7000இல் வேலை செய்யும். கெனன் 1987இல் பூட்டையே மாற்றியது. அதற்கு முந்திய எஃப்டி லென்ஸ்கள் அதன் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கமராக்களில் நேராகப் பொருந்தா.

கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன. நிக்கோன் எஃப் கமராவில் லென்ஸ் பூட்டிலிருந்து ஃபிலிம் வரை 46.5 மில்லிமீற்றர். சோனி மிரர்லெஸில் பூட்டிலிருந்து சென்சர் வரை 18 மில்லிமீற்றர். நடுவில் ஒரு வளையத்தை மாட்ட அந்த இடைவெளி போதும். அநேகமாக எந்தப் பழைய லென்ஸும் உயிர் பெற்றுவிடும். ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும், அது ஃபிலிம்காரருக்குப் புதிதல்ல.

சிறிய சென்சரில் லென்ஸ் நீளமாகிறது என்பதும் பாதிதான் சரி. லென்ஸ் மாறுவதில்லை, படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறது. 200 மில்லிமீற்றர் லென்ஸ் 300இன் பார்வையைத் தரும். கற்பிட்டிப் படகிலிருந்து டொல்பின் எடுக்க இது நல்லது, ஷட்டரை விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் களப்பின் விரிவுக்காக ஆசையாய் வாங்கிய 28 லென்ஸ் 42இன் பார்வையாகக் குறுகிவிடும்.

நம்பிக்கை 5: கடற்கரையில் டிஜிட்டல் கமரா தாங்காது, பழையது எதையும் தாங்கும்.

உண்மை: உப்புக் காற்று இரண்டையும் தின்னும். இயந்திரக் கமராவின் திருகும் ஷட்டரும் இறுகுவது மெதுவாக நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. லென்ஸுக்குள் படரும் பூஞ்சை எந்தக் கமராவுடையது என்று பார்ப்பதில்லை. அது நெகடிவின் ஜெலட்டினையும் தின்னும். ஈரப்பதம் 40 முதல் 50 வீதத்துக்குள் இருந்தால் பூஞ்சைக்கு இடமில்லை. காற்றுப் புகாத பெட்டி, உலர்த்திய சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு கருவி, இவை போதும். தோல் உறையில் போட்டு அலுமாரியில் வைப்பதே பூஞ்சைக்கு வளமான வீடு.

டிஜிட்டலுக்கென்று கூடுதலாக ஒரு கவனம் உண்டு. ஃபிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் புதிய பரப்பு வந்தது, தூசி விழுந்தாலும் ஒரு படத்தோடு போயிற்று. சென்சரில் விழுந்தது எல்லாப் படத்திலும் தெரியும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று மணலை வாரி அடிக்கும் மாதங்களில் கற்பிட்டிக் கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டே வீட்டிலிருந்து புறப்படுங்கள். கடல்நீர் தெறித்தால் நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடனே துடையுங்கள்.

நம்பிக்கை 6: ஃபிலிம் உண்மையைச் சொல்லும், டிஜிட்டல் ஏமாற்றும்.

உண்மை: இலங்கையின் மாபெரும் புகைப்படக் கலைஞர்களுள் ஒருவரான லயனல் வென்ட் 1944இல் மறைந்தார். ஒளித் தலைகீழாக்கமும் படங்களை இணைத்து ஒன்றாக்குவதும் அவர் இருட்டறையில் கையாண்ட உத்திகள். ஊர் ஸ்டூடியோக்கள் நெகடிவில் பென்சிலால் தீட்டி முகத்தழும்பை மறைத்தன, கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் நிறம் பூசின. நேர்மை எடுப்பவரிடம் இருப்பது. வானத்தைச் சற்று இருட்டாக்குவது பழைய இருட்டறை வேலைதான். இல்லாத டொல்பினை ஒட்டுவது எந்தக் காலத்திலும் பொய்தான்.

நம்பிக்கை 7: டிஜிட்டல் படத்துக்குச் செலவில்லை, அழிவும் இல்லை.

உண்மை: எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். புத்தளம் மாவட்டத்து மக்களுக்கு இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள் மிகக் குறுகிய கெடுவில் ஊரை விட்டு இறங்கினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும். கையில் எடுத்துவரக்கூடியதற்கும் கட்டுப்பாடு இருந்தது. வீட்டோடும் நகையோடும் அல்பங்களும் பின்னால் நின்றுவிட்டன. ஒரே பிரதியாக, ஒரே வீட்டில் இருக்கும் படம் எவ்வளவு எளிதில் இல்லாமல் போகும் என்பதை இந்த மாவட்டத்துக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

டிஜிட்டலின் மெய்யான பெருமை இங்கேதான் இருக்கிறது. ஒரு படத்தை நூறு பேருக்குக் கொடுத்தாலும் நூறும் மூலமே. ஆனால் அந்தப் பெருமை பிரதி எடுத்தவருக்கு மட்டுமே. எடுக்காதவரின் நிலைமை ஃபிலிமைவிட மோசம். ஈரத்தில் நிறம் மங்கிய நெகடிவிலும் ஒரு முகத்தை அடையாளம் காணலாம். பழுதான ஹார்ட் டிஸ்கில் ஒன்றையும் காண முடியாது. வட்ஸ்அப்பில் இருக்கிறதே என்றால், அது வழக்கமாகப் படத்தைச் சுருக்கியே அனுப்புகிறது. மூலத்தை அனுப்ப வேண்டுமானால் ஆவணமாக இணைக்க வேண்டும். முகநூலும் ஆவணக் காப்பகமல்ல.

எனவே ஒரு படத்துக்கு மூன்று பிரதி வேண்டும். இரண்டு வெவ்வேறு டிஸ்குகளில், மூன்றாவது வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலோ இணையக் களஞ்சியத்திலோ. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை டிஸ்கை மாற்ற வேண்டும். கோப்பின் பெயரில் ஆண்டும் ஊரும் இருக்க வேண்டும். சிறந்தவற்றை அச்சிட்டு அல்பத்திலும் வைக்க வேண்டும். இந்தச் செலவையும் சேர்த்தே கமராவுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

பழைய நெகடிவ்களை எறியவே கூடாது. வெள்ளை ஒளிப்பலகையில் நெகடிவை வைத்து, மெக்ரோ லென்ஸ் மாட்டிய டிஜிட்டல் கமராவால் படம் பிடித்து, கணினியில் நிறத்தைத் தலைகீழாக்கினால் படம் வந்துவிடும். பிரதி எடுத்த பிறகும் நெகடிவை உறையிலிட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள். கொழும்பிலோ வெளிநாட்டிலோ ஒரு உறவினரிடம் தப்பியிருக்கும் கல்யாணப் படத்தையும் இதே வழியில் குடும்பம் முழுவதற்கும் மீட்டுக் கொடுக்கலாம்.

புதிய கமரா வாங்கியவர் உப்பளத்துக்கோ உடப்புக்கோ போகட்டும், டொல்பின் தேடிக் கடலுக்கும் போகட்டும். அதற்கு முன் தம் கமராவை முதன்முதலில் நீட்ட வேண்டியது வீட்டுப் பெரியவர்களின் அல்பத்தை நோக்கித்தான். அந்தப் படங்களுக்குப் பிரதி எடுங்கள். எடுக்கும்போதே, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அந்த வேலை முடிய வேண்டும்.