ரப்பரைக் கேட்டுவிட்டுக் கிரீஸைத் தொடு

அன்புள்ள தம்பிக்கு,

ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் மோட்டார் மெக்கானிக் படித்து முடித்துவிட்டு ஏதோ ஒரு பட்டறையில் சேர்ந்திருப்பாய். முதல் மாதமே ஒரு வண்டியைக் காட்டி, "பேட் மாத்து, பின்னுக்குக் கிரீஸ் வை" என்று சொல்லியிருப்பார்கள். எந்தக் கிரீஸ் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூலையில் மூடி தொலைந்த டப்பா ஒன்று இருக்கும். எல்லாரும் அதில்தான் விரலை விட்டு எடுப்பார்கள். நீயும் எடுத்திருப்பாய். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் நானும் அப்படித்தான் எடுத்தேன். அதனால் என்ன வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை தூத்துக்குடியில் இருந்தது. அங்கே காற்றிலேயே உப்பு. உப்பளத்துப் பக்கம் ஓடும் வண்டியில் பெயிண்ட் போன இடமெல்லாம் துரு ஏறிவிடும். ஒரு டாக்ஸிக்காரர், வயதில் எனக்கு அண்ணன், முன் பிரேக் பேட் மாற்ற வந்தார். காலிப்பர் நகரும் பின்களைத் துடைத்து, டப்பாவிலிருந்த பேரிங் கிரீஸைத் தாராளமாக அப்பி மாட்டிக் கொடுத்தேன். கையால் தள்ளிப் பார்த்தால் காலிப்பர் வழுக்கிக்கொண்டு போனது. அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போனார். திரும்பி வத்தலக்குண்டு பக்கம் இறங்கும்போது கருகல் வாடை வந்திருக்கிறது. அடுத்த சில வளைவுகளில் பெடல் பஞ்சு போல அமுங்கத் தொடங்கியது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரம்கட்டியிருக்கிறார். நன்றாக ஆறவிட்டுப் பிறகு ஊர்ந்து இறங்கினாராம். பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். அதை அவர் என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை. சொன்ன விதம்தான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

மறுநாள் கழற்றினேன். இடது காலிப்பரின் ஒரு பின் வரவே இல்லை. திருகித் திருகி வெளியே எடுத்தபோது, அதன் நுனியில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் குழாய் ஊதிப் பெருத்து, துளையை அடைத்துக்கொண்டு கிடந்தது. துரு ஒரு பொட்டுகூட இல்லை. உப்புக் காற்றின் மேல் பழி போட வழியே இல்லை. நான் வைத்த கிரீஸ்தான் அந்தப் பின்னைப் பிடித்து வைத்திருந்தது.

காலிப்பர் ஏன் நகர வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார். நம் ஊர்க் கார்களிலும் பைக்குகளிலும் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள காலிப்பர்தான். பெடலை மிதித்தால் பிஸ்டன் உள் பேடை டிஸ்க்கில் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தின் எதிர்விசை காலிப்பர் உடம்பையே பின்களின் மேல் உள்பக்கமாக இழுக்கிறது. அப்போதுதான் வெளி பேட் வந்து கடிக்கும். பின் பிடித்துக்கொண்டால் இந்த நகர்வு நின்றுவிடும். உள் பேட் தனியாக எல்லா வேலையையும் பார்க்கும், மிதியை விட்ட பிறகும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு பிஸ்டன் வழியாக பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. தண்ணீர் ஏறிய பிறகு அதற்குரிய குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். கொதித்தால் ஆவிக்குமிழி, குமிழி வந்தால் பெடல் அமுங்கும். கொடைக்கானல் இறக்கத்தில் அந்த அண்ணனுக்கு நடந்தது இதுதான்.

இப்போது ரப்பருக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் நீ ஒன்றை மட்டும் நினைவில் வைப்பாய் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்.

இன்ஜினில் வேலை பார்த்துப் பழகிய கைக்கு எண்ணெயும் ரப்பரும் ஒத்துப்போகும் என்றே தோன்றும். ஆயில் சீல் வருஷக்கணக்கில் ஆயிலில் நனைந்துகொண்டேதானே இருக்கிறது? ஆனால் ஆயில் சீல் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர், பெட்ரோலிய எண்ணெயோடு குடித்தனம் நடத்தத் தெரிந்தது. பிரேக்கில் இருப்பது வேறு சாதி ரப்பர். இ.பி.டி.எம். என்பார்கள். டாட் 3, டாட் 4 ஆயில்கள் கிளைக்கால் வகை, அதைத் தாங்குவதற்காக வைத்த ரப்பர் அது. ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் தாங்காது. எண்ணெயும் அந்த ரப்பரும் உள்ளமைப்பில் ஒரே குணம் உள்ளவை. அதனால் எண்ணெய் ரப்பருக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். ரப்பர் ஊதும், மெத்தென்று ஆகும், கடைசியில் பலம் போய்க் கிழியும்.

நம்ப வேண்டாம், செய்து பார். கழற்றிப் போட்ட பழைய பூட் ஒன்றை, அதாவது பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையை, எடுத்து இரண்டாக வெட்டு. ஒரு துண்டைப் பேரிங் கிரீஸில் புதைத்து வை, இன்னொன்றை சிலிக்கான் கிரீஸில். பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே, வெயில் சூடு படுகிற இடத்தில் இரண்டு வாரம் விட்டுவிடு. பிறகு இரண்டையும் துடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். என்னிடம் சேர்ந்த ஒவ்வொரு பையனையும் நான் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு அவர்களில் யாரும் அந்த டப்பா பக்கம் போனதில்லை.

ஆகவே கிரீஸ் எடுக்கப் போகும்போது, "இது நன்றாக வழுக்குமா?" என்பது இரண்டாவது கேள்வி. எல்லாக் கிரீஸும் முதல் நாள் வழுக்கத்தான் செய்யும். இந்தக் கிரீஸ் எந்த ரப்பரோடு, எந்தச் சூட்டில், எந்தத் தண்ணீரில் வாழப்போகிறது என்பதை முதலில் கேள்.

ஸ்பேர்ஸ் கடையில் ஏபி3 என்று கேட்டு வாங்குவோமே, அந்த பேரிங் கிரீஸ் லித்தியம் சோப்பும் பெட்ரோலிய எண்ணெயும் சேர்ந்தது. சோப்பு ஒரு பஞ்சு, எண்ணெய் அதில் ஊறிக் கிடக்கிறது. பேரிங்குக்கு அருமையான பொருள், பின்னுக்கு ஆகாது. ரப்பரைக் கெடுப்பதோடு சூட்டிலும் தோற்றுவிடும். எண்ணெய் கசிந்து போய்ப் பஞ்சு மட்டும் காய்ந்து, அரக்குப் போலப் பின்னில் ஒட்டிக்கொள்ளும். சேசிஸ் கிரீஸ் இன்னும் மோசம், சாதாரண கால்சியம் வகை 100 டிகிரி அளவிலேயே இளகி ஓடிவிடும். காப்பர் பேஸ்ட் சூடு தாங்கும்தான். ஆனால் அது இறுகி நிற்கும் போல்ட்டும் நட்டும் பிடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக வந்தது. அதிலுள்ள செம்புத் துகளுக்கு, நாள் முழுக்க முன்னும் பின்னும் நகர வேண்டிய பின்னில் இடமில்லை.

பின்னுக்கு உரியது சிலிக்கான் கிரீஸ். டியூபின் மேலே பிரேக் காலிப்பர் பின்னுக்கு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பெட்ரோலிய எண்ணெய் கிடையாது, இ.பி.டி.எம். ரப்பருக்குத் தீங்கு இல்லை, 200 டிகிரி வரை தாங்கும் வகைகள் உண்டு, மழைத் தண்ணீரில் கரைந்து போகாது. சில கம்பெனிகள் செயற்கை எண்ணெயில் செய்த வேறு கிரீஸைத் தங்கள் வண்டிக்கென்று தரும், அதையும் நம்பிப் போடலாம். சில மாடல்களில் பூட்டே சிலிக்கான் ரப்பரில் வரும். அங்கே சிலிக்கான் கிரீஸும் ரப்பரும் ஒரே குடும்பமாகிவிடுவதால் மறுபடியும் ஊதல் வரும். அதனால் சர்வீஸ் மேனுவலில் ஒரு கிரீஸின் பெயர் சொல்லியிருந்தால் என் பேச்சைக்கூடக் கேட்காதே, மேனுவலைக் கேள்.

ரெட் ரப்பர் கிரீஸ் என்று சிவப்பாக ஒன்று வரும். அது நம் ஆமணக்கு எண்ணெய் குலத்தைச் சேர்ந்தது. ஹைட்ராலிக் பிரேக் வந்த புதிதில் பிரேக் ஆயிலே ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். அன்றைய இயற்கை ரப்பர் சீலை அது கெடுக்காது. அந்த உறவின் மிச்சம்தான் இந்தச் சிவப்பு கிரீஸ். பிஸ்டன் சீல், டஸ்ட் பூட் மாட்டும்போது நான் ஆசையோடு எடுப்பது இதைத்தான். சூடு அதிகம் காணும் பின்னுக்கு மட்டும் சிலிக்கானையே வைத்துக்கொள்கிறேன்.

புது பேட் செட்டோடு சின்னப் பாக்கெட்டில் கிரீஸ் வருவதைப் பார்த்திருப்பாய். பெரும்பாலும் அட்டைப் பெட்டியோடு குப்பைக்குப் போய்விடும். எடுத்துப் படி. சிலது பின்னுக்கு, சிலது பேட் முதுகில் சத்தம் வராமல் இருப்பதற்கு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைக்காதே.

நல்ல கிரீஸ் வாங்கிவிட்டதால் மட்டும் வேலை முடியாது. பழையதன் மேலேயே புதியதைத் தடவினால் இரண்டும் கலந்து இரண்டுமே கெடும். பின்னை பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, நூல் உதிராத துணியால் துடை. துளைக்குள்ளே குப்பி கழுவும் பிரஷ் போல மெல்லிய பிரஷ் விட்டு எடு. துளையின் அடியில்தான் பத்து வருஷத்துக் கசடு ஒளிந்திருக்கும். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதே, அவையும் பெட்ரோலியம்தான். பின்னில் குழி விழுந்த துரு இருந்தால் எமரி போட்டுத் தேய்த்துச் சமாளிக்காதே. மேலே பூசியிருக்கும் பூச்சு போய்விட்டால் அடுத்த மழையில் இன்னும் வேகமாகத் துரு ஏறும். புதுப் பின்னைப் போடு. இரண்டு பின்களில் எது மேலே, எது கீழே என்று கழற்றும்போதே குறித்துக்கொள். பல மாடல்களில் ஒன்றில் ரப்பர் குழாய் இருக்கும், மற்றது வெறும் பின்னாக இருக்கும். மாற்றி மாட்டினால் காலிப்பர் சீராக நகராமல் போகலாம்.

அளவு விஷயத்தில் நம் ஆட்கள் தாராளம். நானும் அப்படித்தான் இருந்தேன். துளையில் கிரீஸை நிரப்பிவிட்டுப் பின்னைத் தள்ளினால், உள்ளே மாட்டிய காற்றும் கிரீஸும் போக இடமில்லாமல் பின்னைத் திருப்பித் தள்ளும். அது ஹைட்ராலிக் ஜாக் வேலை. காலிப்பர் முழுதாக உள்ளே வராது, பேட் உரசும். பின்னின் உடம்பெல்லாம் மெல்லிய படலமாகத் தடவு, உலோகம் மினுமினுக்கும் அளவு போதும். பூட்டின் உள் உதட்டில் கொஞ்சம். பின்னை அடிவரை தள்ளி, பூட்டை விரலால் ஒருமுறை நசுக்கிக் காற்றை வெளியேற்று. பூட்டின் விளிம்பு இரண்டு பக்கமும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் சுற்றித் தடவிப் பார். தூத்துக்குடியில் நான் பார்த்த ஜாம் ஆன பின்களில் பாதிக்கு மேல் பூட்டில் ஒரு கீறலோ, பள்ளத்தை விட்டு நழுவிய விளிம்போ இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றுத் தண்ணீர் நுழைய அந்த இடைவெளி போதும். கிழிந்த பூட்டுக்குள் எந்த உயர்ந்த கிரீஸும் நிற்காது.

பக்கத்துக் கொட்டகையில் பெயிண்ட் அடிப்பவர்கள் இருந்தால் சிலிக்கான் டியூபை அந்தப் பக்கம் கொண்டு போகாதே. விரலில் ஒட்டிய அளவு போய் பேனலில் பட்டால்கூட, பெயிண்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். அவர்கள் சண்டைக்கு வந்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான்.

எல்லாத் தேய்மானத்துக்கும் பின்தான் காரணம் என்றும் நினைத்துவிடாதே. உள் பேட் மட்டும் தேய்ந்து வெளி பேட் தடிமனாக இருந்தால் முதல் சந்தேகம் பின் மேல் வரலாம். ஒரே பேட் ஒரு முனையில் மட்டும் ஆப்பு போல் தேய்ந்திருந்தால் ஒரு பின் பிடித்திருக்கலாம். பிஸ்டனே உள்ளே திரும்பாமல் நின்றாலும் உள் பேட் தேயும். பிராக்கெட்டில் பேட் காது உட்காரும் கிளிப்புக்கு அடியில் துரு தடித்தாலும் பேட் ஜாம் ஆகும், பார்ப்பதற்குப் பின் ஜாம் மாதிரியே இருக்கும். காலிப்பரை டிஸ்க்கிலிருந்து கழற்றி, கம்பி போட்டுத் தொங்கவிட்டு (ஹோஸில் தொங்கவிடாதே), ஒவ்வொரு பின்னையும் தனியாகக் கையால் இழுத்துப் பார். ஒரே சீராக, எங்கும் தட்டாமல் வர வேண்டும். பிறகுதான் தீர்ப்பு.

மாட்டிய பிறகு போல்ட்டை மேனுவல் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கு. இந்தப் போல்ட்டுகள் சின்னவை, கை வேகத்தில் மரை போய்விடும். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியதும் சாவியைத் திருப்புவதற்கு முன் பெடலை மிதி. கெட்டியாக வரும்வரை மிதி. பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில மிதிகளுக்கு பிரேக் இருக்காது. இதை மறந்து வண்டியை எடுத்து எதிர்ச் சுவரில் மோதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் அருகில் கையைக் கொண்டுபோ, டிஸ்க்கைத் தொட்டுவிடாதே. இடதும் வலதும் ஒரே அளவு வெதுவெதுப்பு காட்டினால் வண்டிக்காரரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடு. ஒரு பக்கம் அனலடித்தால், மணி எட்டானாலும் அவர் அவசரப்படுத்தினாலும் அந்தச் சக்கரத்தை மறுபடி கழற்று.

அன்புடன்,
உன் தொழிலில் உனக்கு முன் நடந்த ஓர் அண்ணன்