ஹேட்சிங் கோட்டில் ஒரு கொடி

டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரைப் பிடித்து 45 டிகிரியில் ஹேட்சிங் போட்டுக் கை ஓய்ந்து போகாதவர் நம்மில் யார்? நமக்கு அது வெட்டுத் தோற்றம். ஐரோப்பாவில் கேடயச் சின்னம் வரைபவர்களுக்கோ அது வண்ணம்! ஒரே மையில் அச்சடிக்கும்போது நிறத்தைக் காட்ட 17-ஆம் நூற்றாண்டிலேயே வழி கண்டுவிட்டார்கள். செங்குத்துக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், புள்ளி பொன், வெற்றிடம் வெள்ளி. பச்சைக்குத்தான் நம்ம சாய்கோடு, இடது மேலிருந்து வலது கீழாக.

ஜெர்மனியில் குட்டி ஊராட்சிகள்கூட சொந்தக் கொடியும் சின்னமும் வைத்திருக்கின்றன. எனக்குப் பிடித்தது வடகடல் தீவான ஹெல்கோலாந்து. சுமார் 1,300 பேர்தான். கொடியில் மூன்று பட்டை: மேலே பச்சை நிலம், நடுவில் செம்பாறை, கீழே வெள்ளை மணல். கேடயத்திலும் அதேதான். நம்ம பாஷையில் சொன்னால், தீவின் ஃப்ரண்ட் எலிவேஷன்!

1945 ஏப்ரல் குண்டுவீச்சுக்குப் பிறகு ஊரே காலி. பிரிட்டிஷ் விமானப்படை அதைக் குண்டு போட்டுப் பழகும் இடமாக்கியது. 1947 ஏப்ரல் 18-ல் சுமார் 6,700 டன் வெடிபொருளை ஒரேயடியாக வெடித்தார்கள். தீவின் தென்பகுதி உருவமே மாறிப்போச்சு. 1950 டிசம்பர் 20-ல் ஹைடெல்பர்க் மாணவர்கள் ரெண்டு பேர், நம்மைவிடக் கொஞ்சம்தான் மூத்தவங்க, தடையை மீறி அங்கே இறங்கிக் கொடிகளை ஏற்றினார்கள். அதில் இந்தத் தீவின் கொடியும் ஒன்று. 1952 மார்ச் 1-ல் தீவு ஜெர்மனியிடம் திரும்பியது.

இந்த மலரும் ஒரே மையில்தான் வருகிறது. பென்சிலை எடுங்கள்: மேல் பட்டைக்குச் சாய்கோடு, நடுவுக்குச் செங்குத்து, கீழ்ப் பட்டையில் கை வைக்காதீர்கள்.