வேலூர்ச் சிப்பாயின் உடுப்பு

சரித்திரத்தைக் கற்பதற்கு ஏடு ஒன்றே வாயில் என்று எண்ணுவோர் பலர். முன்னோர் உடுத்த உடையும் தாங்கிய கருவியும் ஏட்டினும் தெளிவாகச் சில உண்மைகளை உரைக்கும். இதனை உணர்ந்த மேனாட்டார், பழம்போர்களை அவை நிகழ்ந்த களத்திலேயே மீண்டும் நடித்துக் காட்டுவதை ஒரு பயிற்சியாகவே கொண்டுள்ளனர். வாட்டர்லூப் போரின் இருநூறாம் ஆண்டு நிறைவான 2015-இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் அக்காலத்துப் படைவீரராய் உடுத்து அவ்விடத்தே அணிவகுத்தனர்.

நம் நாட்டுக் கலாசாலைகளிலும் சரித்திர நாடகங்கள் ஆடப்படுகின்றன. ஆயினும், 1806-ஆம் ஆண்டு வேலூர்ச் சிப்பாயாக வருபவன் வாடகைக்கு வாங்கிய காக்கிச் சட்டையுடன் அரங்கேறக் காண்பது அரிதன்று. காக்கியோ, 1846-இல் பஞ்சாப் எல்லைப்புறத்தில் ஹாரி லம்ஸ்டன் என்பவர் திரட்டிய படையில் முதன்முதல் வழக்கிற்கு வந்தது. ஒரு சட்டையினால் நாற்பது ஆண்டு பிழைபட்டுவிடுகின்றது. ஆதலின் அச்சிப்பாயின் உடுப்பை மெய்யாகச் சமைப்பது எங்ஙனம் என்பதை இங்கே ஆராய்வோம்.

வேலூரை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. பிற போர்களில் உடுப்பு போரின் புறத்தே நிற்பது. வேலூரிலோ உடுப்பே கலகத்தின் காரணங்களுள் ஒன்றாயிற்று. சென்னைச் சேனையின் தளகர்த்தரான ஸர் ஜான் கிராடக், 1805-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சிப்பாய்களுக்குப் புதுவகைத் தலைப்பாகை ஒன்றை ஏற்படுத்தினார். 1806 மார்ச்சில் வெளிவந்த படை விதிகளோ, சிப்பாய்கள் உடுப்பணிந்திருக்கையில் நெற்றியில் சாதிக்குறி இடலாகாது, காதணி பூணலாகாது, அணிவகுப்பிலும் காவலிலும் மோவாய் மழித்திருத்தல் வேண்டும், மீசையும் இயன்றவரை ஒரே வடிவினதாதல் வேண்டும் என்று பணித்தன. வேலூரில் இருந்த நான்காம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தார் மே மாதத்தில் அத்தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். அவருள் இருவர் கசையடி பெற்று நீக்கப்பட்டனர். தண்டனை விதிக்கப்பட்ட வேறு பத்தொன்பதின்மர் மன்னிப்பு வேண்டித் தப்பினர். ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் கோட்டைக்குள் கலகம் மூண்டது. நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலப் படையினர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த கில்லெஸ்பி என்னும் தலைவர் அன்றே கோட்டையை மீட்டார்; அதில் இறந்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கினர். திப்பு சுல்தானின் மைந்தர்கள் அக்கோட்டையில் வைக்கப்பட்டிருந்தமை முதலிய வேறு காரணங்களும் உளவேனும், உடுப்பின் பங்கை மறுப்பார் இலர்.

இனி, உடுப்பைச் சமைக்கப் புகுவோன் முதற்கண் சான்றுகளைத் தேடல் வேண்டும். அவை மூவகைப்படும். ஒன்று, எழுத்து: படை உத்தரவுகளும் விசாரணைக் குறிப்புகளும். இரண்டு, சித்திரம்: தஞ்சை ஓவியர் கும்பினி உத்தியோகஸ்தருக்காக எழுதிய படங்களில் சிப்பாயும் அவன் மனைவியும் இணைந்து நிற்கக் காணலாம். மூன்று, காட்சிசாலைகளில் எஞ்சியுள்ள பொருள்கள்.

இம்மூன்றும் தனித்தனியே குறையுடையன. உத்தரவு, அணியவேண்டியதைக் கூறுமேயன்றி அணிந்ததைக் கூறாது. மறுக்கப்பட்ட அத்தலைப்பாகையே இதற்குச் சான்று. ஓவியன் அழகு கருதிப் புதுத் துணியும் நேர்மடிப்புமாகத் தீட்டுவான். எஞ்சிய பொருளோ பெரும்பாலும் அதிகாரியின் உடைமை. சாமானியன் சட்டை கந்தலாகி அழியும். மூன்றும் ஒத்துக் கூறுவதை உறுதியாகக் கொள்க. ஒன்று மட்டும் கூறுவதை ஐயத்துடன் கொள்க. இதுவே இக்கலையின் முதல் விதி.

அடுத்தது மேற்சட்டை. அது சீமையில் நெய்த சிவந்த கம்பளித் துணியால் ஆனது. அத்துணியை நீரில் துவைத்து இறுக்கிப் பதப்படுத்துவர். ஆதலின் வெட்டிய விளிம்பு நூல் பிரியாது, மடித்துத் தைக்காமலே நிற்கும். இக்கால மெல்லிய துணியில் அவ்விளிம்பு அமையாது. துணி மெய்யான கம்பளியா என்றறிய ஒரு நூலை எரித்துப் பார்க்க: கம்பளியாயின் மயிர் கரியும் நாற்றம் எழும், சாம்பல் விரலால் நசுங்கும், பாலியெஸ்டர் ஆயின் உருகிக் கெட்டி மணியாகும்.

சிவப்பிலும் வேற்றுமை உண்டு. சாமானிய வீரர்க்கு மஞ்சிட்டி இனத்து வேரின் சாயம்; அதிகாரிகட்குப் பூச்சியிலிருந்து எடுத்த விலையுயர்ந்த செஞ்சாயம். முன்னது செங்கல் நிறத்தைச் சார்ந்தது. பின்னது ஒளி மிக்கது. செயற்கைச் சாயங்கள் 1856-க்குப் பின்னரே தோன்றின. காட்சிசாலைச் சட்டையின் வெளிநிறத்தை நம்பற்க. வெயில்படாத தையலின் உட்புறமே பழைய நிறத்தைக் காட்டும். கழுத்துப்பட்டியும் கைம்மடிப்பும் ரெஜிமெண்டுக்கு ஒரு நிறம் உடையன. இன்ன ரெஜிமெண்டு என்று துணியுமுன் அவற்றை வெட்டலாகாது. தையல் இயந்திரம் 1840-களுக்குப் பின்னரே பரவிற்று. ஆகையால் வெளித்தெரியும் தையலேனும் கைத்தையலாதல் வேண்டும்.

அரைக்குக் கீழ் நம்மவர் பெரிதும் பிழைபடுவர். அக்காலத்துச் சென்னைச் சிப்பாய் நீண்ட காற்சட்டை அணிந்தவனல்லன். முழங்காலுக்கு மேலே நிற்கும் வெண்ணிறக் குறுஞ்சல்லடமும், வெறுங்காலும், செருப்புமே அவன் கோலம். மேற்பாதி ஐரோப்பியனாகவும் கீழ்ப்பாதி தமிழ்நாட்டானாகவும் அவன் நின்றான் என்று கூறினும் பொருந்தும்.

மார்பின் குறுக்கே இரண்டு வெள்ளை வார்கள். ஒன்றில் துப்பாக்கி ஈட்டியும் மற்றொன்றில் தோட்டாப் பையும் தொங்கும். துப்பாக்கி கும்பினியார் தம் படைக்கென வகுத்ததும், ‘இந்தியப் பாணி’ எனப் பெயர் பெற்றதும் ஆகிய வகையினது. அதன் குழாய் 39 அங்குலம். நிறை ஒன்பது பத்து இராத்தல். நாடகத்துக்கு மரத்தால் செய்க. ஆயினும் ஈயம் பொதிந்து அந்நிறையைத் தருக. பாரம் தாங்குவோன் நடை வேறு, வெறுங்கையன் நடை வேறு.

இறுதியாகத் தலை. பழைய தலைப்பாகை நீலத்துணி போர்த்தது. உருவில் மாறுபட்டதேனும் தலைப்பாகை என்றே யாவரும் ஏற்றது. புதியதோ வட்டத் தொப்பியை ஒத்து, தோற்பட்டமும் இறகுக் குஞ்சமும் பெற்றிருந்தது. தொப்பி அணிவோர் என்பது அந்நாளில் ஐரோப்பியரையும் அவர் வழிவந்தோரையும் குறித்தது. பசுத்தோலோ பன்றித்தோலோ என்ற ஐயம் இந்துவையும் முஸ்லிமையும் ஒருங்கே வருத்தியது. மதம் மாற்றுதற்கு இது முதற்படி என்ற வதந்தியும் பரவிற்று. தன் உறவினர் பந்தியில் இனித் தனக்கு இலை விழுமோ என்று அஞ்சிய ஒருவனுக்கு அது வெறுந்துணியன்று. ஆதலின் நடிப்போர் ஒரே சிப்பாயை இருமுறை காட்டுதல் நலம்: முதலில் நெற்றிக்குறியும் காதணியும் பழைய பாகையுமாக, பின்பு குறியழித்து, காது வெறுமையாய், புதிய தொப்பியுடன். இடையே ஒரு சொல்லும் வேண்டா. காண்போர் தாமே உணர்வர்.

மாணாக்கர்காள்! இவ்வேலையில் ஒன்றை மறவாதீர். உண்மைக்கு ஒப்பச் செய்தல் வேண்டும் என்னும் ஆர்வத்தால், உடன் நடிப்பவன் ஒருவனைத் தோல் அணியுமாறோ மீசை மழிக்குமாறோ நெற்றிக்குறி துடைக்குமாறோ வற்புறுத்தற்க. அங்ஙனம் செய்வோன் சிப்பாயின் உடுப்பைச் சமைத்தவனாகான். கிராடக்கின் உத்தரவையே மீண்டும் பிறப்பித்தவன் ஆவான். மெழுகிட்ட கனத்த துணி, அரங்கின் தொலைவில் தோல்போலவே தோன்றும். மனமுவந்து செய்வோன் செய்க. ஏனையோர்க்கு மாற்று உண்டு.

கலகத்தின்பின் அவ்விதிகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. 1807-இல் கிராடக்கும், கவர்னராயிருந்த வில்லியம் பெண்டிங்க் பிரபுவும் பதவியினின்றும் திருப்பி அழைக்கப்பட்டனர். முன்னரே வினவி அறிந்திருப்பின் தவிர்த்திருக்கக்கூடிய பேரிழப்பு அது. ஒருவன் தலையில் ஒன்றை வைக்குமுன் அவன் மனத்தை அறிதல் வேண்டும் என்னும் பாடத்தை, இவ்வுடுப்பை ஊசியும் நூலுமாக இருந்து தைப்போர் எளிதில் கற்பர்.