வீடு நம்முடையது, மனை யாருடையது?



ஒருநாள் வகுப்பில் எங்கள் சார், தொழிற்சாலையிலேயே முழுசாகச் செய்து, வண்டியில் இழுத்துக்கொண்டு போய் வைக்கும் அமெரிக்க வீடுகளைப் பற்றிச் சொன்னார். எல்லோரும் சுவர் கனம், கூரை, விலை என்று கேட்டார்கள். நான் எழுந்து, "சார், வீட்டை வைக்கிற மனை யாருது?" என்றேன். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விடா. அங்க கோர்ட் வரைக்கும் போனது அந்தக் கேள்விதான். லைப்ரரியில தேடிப் பாரு" என்றார்.

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. சென்னையில் எங்கள் வீடும் தாத்தா காலத்தில் தரை வாடகைக்கு எடுத்த மனையில் கட்டியதுதான். செங்கல் எங்களுது, மண் வேறொருவருது. அதனால் ஆர்வத்தோடு தேடினேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சக்கரம் உண்டு, நகராது

இவ்வகை வீடுகளைக் கட்டும் முறைக்கு அமெரிக்க மத்திய அரசு 1974-இல் சட்டம் இயற்றியது. அதன்படி வந்த விதிகள் 1976 ஜூன் 15 முதல் அமலுக்கு வந்தன. அடியில் நிரந்தரமாக ஒரு சேஸிஸ் இருக்க வேண்டும் என்பது அச்சட்டம் சொன்ன இலக்கணத்தில் ஒன்று.

வீட்டைக் கடன் வாங்கி வாங்குகிறார்கள். ஆனால் பலருக்குச் சொந்த மனை கிடையாது. 'பார்க்' என்னும் இடத்தில் (விளையாடும் பூங்கா அல்ல) மாத வாடகைக்கு மனை எடுத்து வீட்டை நிறுத்துகிறார்கள். தண்ணீர், மின்சார இணைப்பு, பாதை எல்லாம் பார்க் முதலாளியின் பொறுப்பு.

சிக்கல் இங்கேதான். பெயருக்குத்தான் நகரும் வீடு. ஒருமுறை இறக்கி, இணைப்புக் கொடுத்துவிட்டால் மறுபடி பெயர்த்துப் போகும் செலவு வீட்டு விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும். நூற்றில் ஏறக்குறைய ஒரு வீடுதான் எப்போதாவது இடம் மாறுகிறது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. ஆகவே வாடகையை ஏற்றினால் குடியிருப்பவர் கொடுத்தே ஆக வேண்டும். "பிடிக்கலைன்னா எடுத்துட்டுப் போ" என்ற பேச்சுக்கு அங்கே அர்த்தமில்லை.

எஸ்கொண்டிடோ வழக்கு

கலிபோர்னியா மாநிலம் 1978-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வாடகை பாக்கி, நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவது போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்றது. அங்குள்ள எஸ்கொண்டிடோ நகர மக்கள் 1988-இல் வாக்களித்து, மனை வாடகையை 1986-ஆம் ஆண்டின் அளவுக்கு இறக்கினார்கள். நகர மன்றத்தின் அனுமதி இல்லாமல் ஏற்றவும் முடியாது.

பார்க் முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். "ஆளையும் வெளியேற்ற முடியவில்லை, வாடகையையும் ஏற்ற முடியவில்லை. அரசாங்கம் எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டது போலத்தானே? நஷ்டஈடு கொடு" என்பது அவர்கள் வாதம். வாடகை குறைந்ததால் அங்குள்ள வீடுகளின் விலை ஏறுகிறது, அந்த லாபம் வீட்டை விற்பவருக்குப் போகிறது என்றும் சொன்னார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

1992-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நிலத்தை வாடகைக்கு விட்டது நீங்களாகவே விரும்பித்தான். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற வழியும் இருக்கிறது. ஆகவே இது நிலத்தைப் பறித்ததாகாது என்றது. வாடகைக் கட்டுப்பாடு நல்லதா கெட்டதா என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மெரிடித் என்ற ஊரில் 1984-இல் குடியிருந்தவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து, கடன் பெற்று, பார்க்கை விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

நம் ஊர்ச் சட்டம்

இதே சிக்கலுக்கு நம்மிடமும் பழைய சட்டம் ஒன்று உண்டு. 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம்தான் அது. வாடகை மனையில் கட்டடம் கட்டியவரைக் காலி செய்யச் சொன்னால், கட்டடத்துக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்கிறது 3-ஆம் பிரிவு. 9-ஆம் பிரிவு அதற்கும் மேலே போகிறது. தேவையான அளவு மனையைத் தனக்கே விற்கும்படி உத்தரவிடக் கோரி அவர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். விலையை நீதிமன்றம் நிர்ணயிக்கும். ஆனால் எல்லாக் குத்தகைக்கும் இது பொருந்தாது. கோயில் முதலிய சமய நிறுவனங்களின் நிலங்களுக்கு 1996 முதல் இச்சட்டம் கிடையாது.

முக்கியமான விஷயம் கெடு. சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் 9-ஆம் பிரிவு மனுவைப் போட வேண்டும்.

போன வருஷம் எங்கள் வீட்டுக்குச் சம்மன் வந்தது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டார். விடுமுறைக்கு ஹாஸ்டலிலிருந்து வந்த நான்தான் எடுத்துப் படித்தேன். மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். வக்கீல் அம்மா முதலில் கேட்டது, "சம்மன் என்னைக்குப்பா வந்துச்சு?" எண்ணிப் பார்த்தோம். இருபத்தாறாம் நாள்.

மனுப் போட்டாயிற்று. வழக்கு நடக்கிறது. முடிவு எப்படியோ தெரியாது. ஆனால் எங்கள் வரிசையிலேயே ஒரு பெரியப்பா, காகிதத்தைப் பிரிக்காமலே நாற்பது நாள் வைத்திருந்தார். மனையைக் கேட்கும் வழி அவருக்கு அடைந்துவிட்டது. இனி கட்டடத்துக்கான நஷ்டஈடு மட்டும்தான் பேச முடியும். அவரும் எங்கள் தாத்தாவும் ஒரே வருஷம் சுவர் எழுப்பியவர்கள்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாளைக்கு அஸ்திவாரம் போடப் போகிறவர்கள். மண்ணின் தாங்குதிறனைப் பார்ப்பதற்கு முன்னால் மண் யாருடையது என்று பத்திரத்தைப் பாருங்கள். தரை வாடகை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் சாமி படத்துக்குப் பின்னால் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். காகிதம் இருந்தால் அன்றைக்கே படித்துவிடுங்கள்.