மூச்சு முட்டும்போது

தேர்வு அறையில் வினாத்தாளைப் பிரித்தவுடன் சில மாணவியருக்கு நெஞ்சு படபடக்கின்றது. மூச்சு வாங்குகின்றது. விரல் நுனிகள் மரத்து, கைகள் விறைத்து மடங்கிக் கொள்வதும் உண்டு. பார்ப்பவர்கள் வலிப்பு என்று எண்ணிச் சாவிக்கொத்தைத் தேடுவர். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். வீட்டிற்குச் செய்தி போனால், "காற்று கருப்பு அண்டியிருக்கும், மந்திரிக்க வேண்டும்" என்பார் பாட்டி. உண்மையில் நடப்பது என்னவென்று காண்போம்.

அச்சம் தோன்றியதும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. ஓடுவதற்கு உடல் ஆயத்தமாகின்றது. நாமோ பெஞ்சில் அமர்ந்திருக்கின்றோம்! தேவைக்கு மேல் மூச்சு விடுவதால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவு மீறி வெளியேறிவிடுகின்றது. அதனை வெறும் கழிவு என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அது குறைந்தால் இரத்தத்தின் காரத்தன்மை கூடும். மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். கால்சியம் அயனிகள் குறைவதால் விரல்கள் விறைக்கும். பிராணவாயு குறையவில்லை, போதவில்லை என்ற உணர்வுதான் தோன்றுகின்றது. அதை நம்பி இன்னும் வேகமாக மூச்சிழுக்க, துன்பம் பெருகுகின்றது.

இது ஒருத்தியிடமிருந்து மற்றவருக்குப் பரவவும் கூடும். 1965 அக்டோபரில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் இவ்வாறு நடந்தது. முதல் நாள் நெடுநேரம் அணிவகுத்து நின்றதில் சுமார் 20 மாணவியர் மயங்கி விழுந்தனர். மறுநாள் அதே பேச்சாக இருந்தது. ஒருத்திக்குத் தலை சுற்ற, அடுத்தவளுக்கும் சுற்ற, அன்றே 85 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். விஷமோ கிருமியோ காணப்படவில்லை. ஆராய்ந்த மாஸ், மக்கெவெடி என்னும் இரு மருத்துவர்கள், மிகை சுவாசமே காரணம் என்று 1966-இல் எழுதினர். அம்மாணவியர் நடித்தனர் என்று அவர்கள் கூறவில்லை. இதை நம்மில் சிலர் கவனிக்க வேண்டும். "நடிக்கிறாள்" என்ற சொல் நம் வகுப்புகளிலும் எளிதாக வருகின்றது.

தோழிக்கு இந்நிலை வந்தால் முதலில் கூட்டத்தை விலக்குங்கள். அவளை உட்கார வைத்து, அருகிலிருந்து தாழ்ந்த குரலில் பேசுங்கள். "மூச்சை நன்றாக இழு" என்று சொல்லாதீர்கள். அது எதிர்வினையே தரும். நான்கு எண்ணும் வரை மூக்கினால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடச் சொல்லி, நீங்களும் உடன் செய்யுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறையை இன்று பரிந்துரைப்பதில்லை. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்தாகும். சோடாவும் அவசரமில்லை. பீதி பெரும்பாலும் பத்து நிமிடங்களில் உச்சம் தொட்டு, பிறகு தானே தணியும். ஆனால் மூச்சில் வீசிங் ஓசை கேட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நினைவு தப்பினாலோ, முதன்முறையாக நெஞ்சு வலித்தாலோ பீதி என்று முடிவு கட்டாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

வந்து போனபின் எஞ்சும் பயம்தான் பெரும் தொல்லை. மீண்டும் வருமோ என்று பேருந்தில் ஏற அஞ்சுவாள்; பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்க அஞ்சுவாள்; பிறகு பள்ளிக்கே வரமாட்டாள். அடிக்கடி வந்தால் மருத்துவ உதவி தேவை. பேச்சு வழிச் சிகிச்சை நல்ல பயன் தருகின்றது. ஜூஜுவாடியில் பல வீடுகளில் தந்தை இரவு ஷிப்டிலும் தாய் பகல் ஷிப்டிலும் இருப்பதால், மகளின் இரவு நேரப் படபடப்பு யார் காதிலும் விழுவதில்லை. பெற்றோரே, வாரத்தில் ஒரு நாளாவது கேளுங்கள்.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய நம் வீட்டு மொழிகள் மூன்றிலும் பேசலாம். நேரில் செல்ல விரும்பினால் ஓசூர் அரசு மருத்துவமனை அருகில் உள்ளது. எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியாக நேரே பெங்களூர் சென்றால், 1974-இல் நிம்ஹான்ஸ் என்று பெயர் பெற்ற மனநல நிலையம் இருக்கின்றது. அது அமைந்துள்ள சாலைக்குப் பெயரே ஓசூர் ரோடு.