கடல் நீர்நாயும் எண்ணெய்க் கசிவும்



கப்பலில் வந்திறங்கும் சரக்கை விற்றுப் பிழைப்பவர்கள் நம்மில் பலர். கப்பலின் எண்ணெய் கடலில் கொட்டினால் அங்கு வாழும் ஜீவன்களுக்கு என்ன நேருகிறது என்பதை, கடல் நீர்நாய் என்னும் ஒரு பிராணியைக் கொண்டு இம்முறை கவனிப்போம்.

இது பசிபிக் மாகடலின் வடபகுதிக் கரையோரங்களில் வாழ்வது. பெயரில் நாய் என்றிருப்பினும் நாய் இனமன்று. திமிங்கிலம் முதலியவற்றுக்குத் தோலின் அடியில் தடித்த கொழுப்பு உண்டு. அதுவே குளிரைத் தடுக்கிறது. கடல் நீர்நாய்க்கு அக்கொழுப்பு இல்லை. அதற்கு அல்லாஹ் அளித்திருப்பது உரோமம். ஒரு சதுர அங்குலத்தில் 10 லட்சம் மயிர் வரை உண்டு. அவற்றினிடையே தங்கும் காற்றுதான் குளிர்நீர் தோலைத் தொடாமல் காக்கிறது. ஆகவே அது உரோமத்தை ஓயாமல் நக்கியும் கோதியும் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். உடற்சூடு குறையாதிருக்க நாள்தோறும் தன் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு இரை தின்னும்.

எண்ணெய் பட்டாலோ முதலுக்கே மோசம். மயிர்கள் ஒட்டிக்கொள்ள, காற்று வெளியேறி, தண்ணீர் தோலில் ஏறுகிறது. பிராணி குளிரில் விறைத்துச் சாகிறது. சுத்தம் செய்ய நக்கினால் நஞ்சு வயிற்றுக்குள் போகிறது. எண்ணெயின் ஆவி நுரையீரலைக் கெடுக்கிறது. உயிரைக் காத்துவந்த பழக்கமே உயிருக்கு வினையாகிவிடுகிறது.

1989 மார்ச் 24 அன்று, அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்னும் கப்பல் பாறைத்திட்டில் மோதி, ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் காலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டிற்று. சுமார் 1,000 நீர்நாய்களின் உடல்கள் கிடைத்தன. கிடைக்காதவற்றையும் சேர்த்தால் மாண்டவை சில ஆயிரம் என்பது அறிஞர் மதிப்பு. 300க்கு மேற்பட்டவற்றைப் பிடித்துக் கழுவிச் சிகிச்சை செய்தனர். பெரும் பொருள் செலவாயிற்று. அப்படியும் பல பிழைக்கவில்லை. கரையின் அடியில் எண்ணெய் பல்லாண்டு தங்கிற்று. நீர்நாய் சிப்பிக்காகத் தோண்டும் இடமும் அதுவே. மிகவும் கெட்டுப்போன பகுதிகளில் அதன் தொகை பழைய நிலைக்குத் திரும்ப 20 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இது எங்கோ நடந்த சங்கதி என்று நாம் இருந்துவிட முடியாது. 2024 ஜூன் 14 அன்று நமது சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் துறையில் கப்பல்கள் மோதி, ஏறக்குறைய 400 டன் எண்ணெய் கொட்டி, செந்தோசாக் கடற்கரையும் கறுத்தது. நம் ஆறுகளிலும் கரையோரங்களிலும் திரியும் நீர்நாய் வேறோர் இனம்; ஆயினும் அதற்கும் உரோமமே போர்வை.

கொட்டிய பின் கோடி செலவழித்தும் மீளாததை, கொட்டாமல் காப்பதே புத்தி. கப்பலைக் காப்பது கப்பற்காரர் கடமை. கடையின் பழைய எண்ணெயையும் லாரியின் கழிவு எண்ணெயையும் கால்வாயில் ஊற்றாதிருப்பது நம் கடமை; கால்வாய் நீர் சேருமிடம் ஆறும் கடலுமே. கடலும் அதிலுள்ள ஜீவன்களும் நம்மிடம் உள்ள அமானத். அதைப் பேணும் நல்லறிவை அல்லாஹ் நம் யாவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.