காற்றுமானிக்கு எண்ணெய் விடலாமா?

கேள்வி: வேளச்சேரி–தாம்பரம் சாலையில் உள்ள எங்கள் கல்லூரி மாடியில் கிண்ணக் காற்றுமானி இருக்கிறது. சுற்றுவது மந்தமாகிவிட்டது. பேரிங்குக்கு மெஷின் ஆயில் விடலாமா?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: விடாதீர்கள். மோட்டார் பேரிங் சுமையைத் தாங்க வேண்டும். காற்றுமானியின் குட்டி பேரிங்குக்குச் சுமை மிகக் குறைவு. உராய்வுதான் அதன் எதிரி. மென்காற்றின் விசை மிகச் சிறியது. கெட்டி எண்ணெய்க்குள் குண்டுகள் உருள்வதிலேயே அதில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். அதனால்தான் இவற்றுக்கு மெல்லிய கருவி எண்ணெயை, அதுவும் துளியளவே விடுகிறார்கள். வெப்பநிலைக்கேற்ப பேரிங் உராய்வு மாறுவதைக்கூட, காற்றாலைச் சோதனைக்கான ஐஇசி 61400-12-1 தரநிலை கணக்கில் எடுக்கிறது.

உங்கள் சாலையிலேயே, பள்ளிக்கரணையில், 1998இல் தொடங்கிய தேசியக் காற்று சக்தி நிறுவனம் இருக்கிறது. காற்றாலைக்கு ஏற்ற இடங்களைக் காண நாடெங்கும் காற்றை அளப்பது அதன் முக்கியப் பணி. காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறும். பேரிங் இறுகி, வேகத்தை 3 சதவீதம் குறைத்துக் காட்டினால், ஆற்றல் கணக்கில் சுமார் 9 சதவீதம் காணாமல் போகும். கயத்தாறு பக்கம் ஒரு நல்ல இடம் அதனாலேயே ஒதுக்கப்பட்டுவிடலாம். இந்தச் சின்னஞ்சிறு பொருளை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் அதுதான்.

நம் பக்கத்து உப்புக்காற்று துருவேற்றும். துருப்பிடிக்காத எஃகில், தூசி புகாத மூடியுடன், அதே அளவு பேரிங்கை வாங்கி மாற்றுங்கள். மாற்றியபின் காற்றுச் சுரங்கத்தில் மறுபடி காலிபரேஷன் செய்யாமல் அதன் பதிவுகளைப் பயன்படுத்தாதீர்கள்.